மூன்று நாளில் மழை என்று சொல்ல ஓர் ஆள்

ஏரிக்கரை மேல் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே முப்பத்தோரு பெண்கள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு மூட்டை. அவர்களுக்குப் பின்னால் ஆறு ஆடுகள், ஒரு சினைமாடு, கால் கட்டிக் கூடையில் போட்ட இரண்டு கோழிகள். வெயில் என் வழுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் பெருங்குரலெடுத்து அழுகிறார்கள். ஒருத்தி கண்ணிலும் நீரில்லை. நீரில்லை என்பதற்காகத்தானே அழுகையே. அதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

"மாமா, கைய நல்லா நீட்டுங்க. கோழி ரெக்க மாதிரி மடக்கிக்கினு நின்னா நாங்க எப்பிடி நிக்கிறது?" என்றாள் அஞ்சலை, ஒப்பாரியின் நடுவிலேயே, அதே ராகத்தில்.

நீட்டினேன். தோள்பட்டையில் ஏதோ 'டக்' என்றது.

சென்ற வாரம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், எழுத்து வறட்சியாக இருந்தது என்று சொல்லியனுப்பினார். வறட்சி என்றால் என்னவென்று அவருக்குக் காட்டிவிடுவது என்று இந்த வாரம் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறேன். எந்த வருஷம் என்று கேட்க வேண்டாம். சமீபத்தில்தான். பல் அப்போது இருந்தது.

வண்டி எண்ணிய பழக்கம்

நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் 'ரோட்டு ஐயா' என்று பெயர். உத்தியோகத்தில் அவ்வப்போது சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். லாரிக்கு ஒரு கோடு, பஸ்ஸுக்கு ஒரு கோடு, மாட்டு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு.

ஓய்வு பெற்ற பிறகு கோடு கிழிப்பது நின்றது. எண்ணுவது நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை எண்ணுவேன். டாக்டர் வீட்டு வாசலில் எனக்கு முன்னால் எத்தனை ஜோடிச் செருப்பு என்று எண்ணுவேன். "நான் தும்முறத கூட எண்ணிக்கினு இருக்காரு" என்று என் மனைவி சரோஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். எண்ணியிருக்கிறேன். மூன்று மூன்றாகத் தும்முவாள்.

அதனால், வறட்சி வந்துவிட்டது என்று எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தவன் நானே. கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் இடையில், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஊர். சாலையில் கரும்பு டிராக்டர் குறைந்து, தண்ணீர் டேங்கர் கூடி, இரண்டையும் மிஞ்சி போர்வெல் லாரி போக ஆரம்பித்தால் அது வறட்சி. இதைச் சொல்ல விண்ணில் கோள் விட வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.

ஆடியில் கொஞ்சம் தூறியது. தூசியை மேலே எழுப்பிவிட்டுப் போயிற்று. ஆவணியில் அதுவும் இல்லை. மரவள்ளி இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்குக்குப் பதில் பென்சில் வந்தது. கரும்பு சோகையோடு சோகையாகப் படுத்துவிட்டது. ஆலைக்கு ஏற்றினால் போய்ச் சேர்வதற்குள் விறகாகிவிடும் என்றார்கள்.

போர் போட்டவர்கள் கதை தனி. பக்கத்து வயல்காரன் எண்ணூறு அடி போனால் இவன் ஆயிரம் அடி போக வேண்டும். தண்ணீரா வருகிறது? வெள்ளைப் புகைதான் வருகிறது. அந்தப் புகையைக் கைபேசியில் படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் மண்ணுக்கு மேலே நிற்கிற வீடுகளை அடுக்கினால் வருகிற உயரத்தைவிட, மண்ணுக்குள் போன குழாய்களின் நீளம் அதிகம். பூமிக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக நடமாட வேண்டும்.

மேகம் போய்த் தங்கும் இடம்

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். சாயங்காலமானால் அதன் தலைமேல் கறுப்பாக மேகம் கூடும். ஊரே வாசலுக்கு வந்து நிற்கும். அந்த மேகம் கல்யாண வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, பந்தல் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுகிற பெரிய மனிதரைப்போல அப்படியே நகர்ந்துவிடும்.

மலைக்காரர்கள்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று எங்கள் டீக்கடையில் ஏகமனதாகத் தீர்மானம் ஆகியிருந்தது. ஒருநாள் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வந்தார். டீக்கடையில் அவரை மடக்கினோம்.

"மேல உங்களுக்கு நல்ல மழையாமே?"

அவர் டீயை வைத்துவிட்டு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "மேல எங்கீங்க மழ? தெனப் பயிரு பூராவும் கருகிப் போச்சு. மேகம் எங்க தலைக்கு மேல போயி கீழ உங்க பக்கம் எறங்குது. நீங்கதான் எடுத்துக்கிட்டு மூச்சு வுடாம இருக்கீங்கன்னு நாங்க நெனச்சிக்கினு இருக்கோம்."

இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம்.

அருவி இன்னும் வேடிக்கை. மலை மேலே இருக்கிற அருவியைப் பார்க்க வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். வறட்சி என்று தெரிந்தும் வந்தார்கள். என் தங்கை குடும்பத்தோடு நானும் ஒருமுறை தொற்றிக்கொண்டு போனேன். அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறை இருந்தது. பாறையின் மேல் 'வழுக்கும், கவனம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே குளிக்கிற துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமுகி அணையில் நடந்தே அக்கரை போய்விட்டு வந்ததாக என் தங்கை மருமகன் இன்றுவரை பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்.

பார்வையிட வந்தார்கள்

ஆவணி நடுவில், வறட்சியைப் பார்வையிட ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. ஊரில் கல்யாணக் களை வந்துவிட்டது.

யார் நிலத்தைக் காட்டுவது என்பதில் முதல் சண்டை. சாலையோரம் இருப்பதால் ராமசாமியின் நிலம் என்று முடிவானதும், மேற்கே நிலம் வைத்திருக்கிற கோவிந்தன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

"ஏன், என் நெலம் இன்னா காயலியா? அவன் கொல்லையில இன்னும் ரெண்டு பச்ச நிக்குது. என்துல ஒரு புல்லு காட்டு, மீசய எடுத்துக்கறன்."

"உன்துக்குக் கார் போவாதுடா."

"கார் போற எடத்துலதான் வறட்சி வரணுமா?"

கேள்வி நியாயமானது. ராமசாமி ராத்திரியோடு ராத்திரியாக அந்த இரண்டு பச்சையையும் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

இரண்டாவது காரியத்தைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சாலையிலிருந்து நிலத்துக்குப் போகிற மண்பாதையில் ஒரே புழுதி. வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்களே என்று கவலைப்பட்டு, குடிக்கிற தண்ணீர் கொண்டுவந்த டேங்கரைத் திருப்பிவிட்டு, பாதை முழுவதும் தண்ணீர் தெளித்தார்கள். குடத்தோடு நின்றவர்களும் சேர்ந்து, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம் வுட்டுட்டீங்க" என்று உற்சாகமாகக் கை காட்டினார்கள். நாற்பத்து மூன்று குடம் வரிசையில் காலியாக இருந்தது. நானே எண்ணினேன். சாலைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், பாதை அருமையாகப் படிந்திருந்தது.

குழு வந்தது. இறங்கியது. ஒருவர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து, உடைத்து, தலையாட்டினார். இளநீர் குடித்தார்கள். போய்விட்டார்கள். குழுவின் கார் கண்ணுக்கு மறைவதற்குள் பாதையும் காய்ந்துவிட்டது.

வருவது உரைத்தவர்கள்

என் அரை ஏக்கர் மானாவாரி நிலத்தை, விளைவதில் பங்கு என்று வாரத்துக்குச் செய்பவள் ரேவதி. சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் ஏழுமலை ஆடி முடிவிலேயே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இவள் போகவில்லை. நிலத்தைக் கோடை உழவு உழுது வைத்திருந்தாள். விதைச் சோளம் வீட்டில் இருந்தது. மாடு வேறு சினை. ஒரு நல்ல மழை பெய்தால் விதைத்துவிடுவாள். விதைத்துவிட்டால் ஏழுமலையும் திரும்பி வந்துவிடுவான். பெய்யாவிட்டால் இவள் அங்கே போக வேண்டும். வேலையிடத்தில் மேஸ்திரி ஜோடியாக வருகிறவர்களுக்குத்தான் தகரக் கொட்டகை கொடுப்பாராம். ஆண் தனியாளாக இருந்தால் கொட்டகை வேறு ஜோடிக்குப் போய்விடும்.

ஒரு நாள் காலையில் வந்து வாசற்படிக்குக் கீழே நின்றாள். "ஐயா, மழ வருங்களா வராதுங்களா? நீங்கதான் எல்லாம் படிக்கிறவரு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் சரோஜாகூட என்னை இப்படிக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

முதலில் பஞ்சாங்கம். இந்த வருஷத்து மேகத்தின் பெயர் என்ன, மழை எத்தனை மரக்கால், அதில் கடலில் எவ்வளவு, மலையில் எவ்வளவு, பூமியில் எவ்வளவு என்று பிரித்தே போட்டிருக்கும். என்னிடம் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. ஒன்று தாராளம் என்றது. இன்னொன்று சொற்பம் என்றது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்தது அரசாங்கத்தின் பருவகால முன்னறிவிப்பு. வடகிழக்குப் பருவமழை இயல்பை ஒட்டி இருக்கக்கூடும், ஒருசில இடங்களில் இயல்புக்குச் சற்றுக் குறையவும் கூடும், ஒருசில இடங்களில் மிகவும் கூடும்.

"அந்த ஒருசில எடம் எதுங்கய்யா?"

"அதெல்லாம் இடம் பேர் போட மாட்டாங்கம்மா. மண்டலத்துக்குச் சொல்றது."

"நம்ம ஊரு மண்டலத்துல இல்லீங்களா?"

"இருக்கு. ஆனா மண்டலம் பெரிசு."

மூன்றாவது, கைபேசியில் வானிலை சொல்கிற தம்பி ஒருவர். பசிபிக் கடல் சூடாக இருக்கிறது, இந்தியப் பெருங்கடலில் ஒரு பக்கம் இன்னும் சூடேறினால் நமக்கு நல்லது என்று படத்தோடு விளக்குவார். அவர் பேச்சைக் கேட்டால் மழையைத் தவிர எல்லாம் புரியும். ரேவதிக்கு நான் பசிபிக் கடலை விளக்கி முடித்தபோது வெயில் படியேறி என் முழங்கால்வரை வந்துவிட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப வெதைக்கலாங்களா?" என்றாள்.

"வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் கம்மின்னு வச்சுக்கலாம்."

"பாதி நெலத்துக்கு வெதச்சிடட்டுங்களா?"

உள்ளேயிருந்து சரோஜா சிரித்த சத்தம் கேட்டது. "ஏம்மா ரேவதி, அவர்கிட்ட இன்னும் கேட்டின்னா உங்க மாடு கன்னு போட்டு அதுவும் சென ஆயிடும். வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

மழைச்சோறு

ஆவணி கடைசியில் பெண்கள் களத்தில் இறங்கினார்கள். மகளிர் குழுத் தலைவி அஞ்சலை எனக்குத் தூரத்து உறவில் மருமகள் முறை. ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதலில் ஒலிக்கிற குரல் அவளுடையது.

ஆண்கள் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார்கள். வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். ஊரில் யாரோ பாவம் செய்ததால்தான் மழை நின்றது, அந்தப் பாவிக்கு இழவு கொண்டாடினால் மழை வரும் என்று கணக்கு. பாவிக்குச் சட்டை வேண்டுமென்று யாரோ கேட்க, சரோஜா என் பழைய, நீலக்கோடு போட்ட சட்டையைக் கொடுத்திருக்கிறாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த நான், என் சட்டை செருப்படி பட்டுக்கொண்டு போவதைக் கண்ணாரக் கண்டேன். "தொலைஞ்சான் பாவி" என்று கத்தியவர்கள் என்னைப் பார்த்ததும், "வணக்கங்கய்யா" என்றார்கள். மழை வரவில்லை. அந்த வகையில் நான் பாவி இல்லை என்று நிரூபணமாயிற்று.

பெண்களின் சடங்கு மழைச்சோறு. வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு கை தின்பார்கள். பிறகு பஞ்சம் பிழைக்கப் போவதுபோல மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ஆடு மாட்டையும் ஓட்டிக்கொண்டு, அழுதபடி ஊரைவிட்டுப் புறப்படுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கரைமேல் வழிமறித்து, மழை வரும், போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் திரும்பிவிடுவார்கள். வானத்தைப் பயமுறுத்துகிற ஏற்பாடு. ஊரே காலியானால் யாருக்காகப் பெய்வது என்று அது யோசிக்குமாம்.

வழிமறிக்கிற பெரியவர் வேலையை ரொம்ப காலம் பழைய நாட்டாண்மைக்காரர் பார்த்தார். அவர் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே மாடிக்கே தண்ணீர் லாரி வருகிறதாம். வழுக்கை, வெள்ளை வேட்டி, நேரத்துக்கு ஆள் கிடைப்பது ஆகிய மூன்று தகுதியும் ஊரில் எனக்குத்தான் இருந்தன.

அஞ்சலை ஒத்திகைக்கு வந்தாள். "'பொறுங்கம்மா, போவாதிங்க. மூணு நாள்ல மழ வரும். வூட்டுக்குத் திரும்புங்க.' அவ்ளோதான் மாமா. எங்க, சொல்லுங்க."

"மூணு நாள்னு எதை வச்சுச் சொல்றது?"

"எதயும் வச்சி சொல்றதில்ல. சும்மா சொல்றது."

"பத்து பதினைஞ்சு நாள்னு வச்சுக்கலாமே? கொஞ்சம் பொருத்தமா இருக்கும்."

"பதினஞ்சு நாளுன்னா எவ திரும்புவா? மூட்டையோட நேரா போய்ச் சேந்துடுவா. மாமா, உங்கள ஆராய்ச்சி பண்ணக் கூப்புடல. கைய நீட்டிக்கினு நிக்கக் கூப்புடறோம்."

மழை வந்ததா என்று கேட்பவர்களுக்கு

கடைசிவரை உங்களைக் காக்க வைப்பதில் எனக்குச் சந்தோஷமில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழை மூன்று நாளில் வரவில்லை. புரட்டாசி முழுவதும் வரவில்லை. தீபாவளியும் தாண்டி, கடலில் ஏதோ ஒன்று சுழன்றதன் புண்ணியத்தில், இரண்டு நாள் விடாமல் அடித்தது. விதைக்க வேண்டிய காலம் போனபிறகு வந்த மழை. பாத்திரம் கழுவி முடித்த பிறகு விருந்தாளி வந்த கதை.

ஆனால் வந்ததே, அது யாரால் வந்தது என்று தகராறு. தாராளம் என்ற பஞ்சாங்கம் வைத்திருந்தவர் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கைபேசித் தம்பி, தான் அப்போதே சொன்னதாக அப்போது சொன்னதை மறுபடி போட்டார். கொடும்பாவி இழுத்தவர்கள், கொஞ்சம் தாமதமாக வேலை செய்தாலும் நிச்சயமாக வேலை செய்யும் என்றார்கள். இயல்பை ஒட்டி என்று சொன்னவர்களும் தோற்கவில்லை. ஒன்றுமே பெய்யாத மாதங்களையும் எல்லாமே பெய்த இரண்டு நாளையும் கூட்டி வகுத்தால் இயல்பை ஒட்டித்தான் வந்தது. இப்படி எல்லோரும் ஜெயித்த ஒரு வறட்சியை நான் பார்த்ததில்லை.

என் அரை ஏக்கரில் மட்டும் கோரை முளைத்தது.

கரைமேல் மறுபடி

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன் அல்லவா, அங்கே வருவோம்.

அஞ்சலை ஒப்பாரியை உச்சத்துக்குக் கொண்டுபோனாள். "ஏரி வத்திப் போச்சே, ஏத்தம் காஞ்சி போச்சே, கொழாயில காத்து வருதே, கேக்க ஒரு நாதியில்லியே" என்று அவள் எடுக்க, மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருத்தியின் கைபேசி அடித்தது. அவள் மார்பில் அடித்துக்கொண்டே எடுத்து, "ஏரியில இருக்கன், அப்பறம் பேசறன்" என்றாள்.

வழக்கப்படி மூட்டைகளை எண்ணினேன். எல்லாவற்றிலும் தலையணையும் பழம்புடவையும்தான் என்பது நடையிலேயே தெரிந்தது. பூவைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரேவதியின் கழுத்து மட்டும் ஒடிந்துவிடும்போல இருந்தது. தலையில் பெரிய மூட்டை, கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பாத்திரம். இன்னொரு கையில் மாட்டுக் கயிறு.

"பாருங்கடி ரேவதிய," என்றாள் அஞ்சலை. "சடங்குன்னா இப்பிடி செய்யணும். நீங்களும் இருக்கீங்களே, தலவாணிய தூக்கிக்கினு."

எல்லோரும் என் முன்னால் வந்து நின்றார்கள். என் முறை.

"பொறுங்கம்மா," என்றேன். "போவாதிங்க. மூணு நாள்ல மழ வர..." இந்த இடத்தில் நாக்கு தானாக நின்றது. "வர வாய்ப்பிருக்கு."

ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"வாய்ப்பா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வாய்ப்புக்கா காலையில இருந்து வெயில்ல நிக்கறோம்?"

"மாமா! ஒழுங்கா சொல்லுங்க."

"மூணு நாள்ல மழ வரும்! வூட்டுக்குத் திரும்புங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உறுதியாக இருந்தது உத்தியோகத்தில்கூட இல்லை.

குலவை எழும்பியது. மூட்டைகள் இறங்கின. சிரிப்பும் பேச்சுமாக எல்லோரும் ஊரைப் பார்க்கத் திரும்பினார்கள். ரேவதி திரும்பவில்லை.

"அடியேய், போதும்டி நடிச்சது!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

அவள் மாட்டை இழுத்துக்கொண்டு என் அருகே வந்து நின்றாள். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"மூணு நாளுன்னு சொன்னீங்களே, அது நெசமா சொன்னீங்களா, சடங்குக்கு சொன்னீங்களா?"

பஞ்சாங்கம், முன்னறிவிப்பு, பசிபிக் கடல் எல்லாம் என் வாய்வரை வந்து வரிசையில் நின்றன.

"சடங்குக்குத்தாம்மா," என்றேன்.

"அதாங்க கேட்டன்." அவள் கோபப்படவில்லை. "நெசம்னு நீங்க சொல்லியிருந்தா திரும்பியிருப்பன். வெத வூட்லதான் இருக்கு."

அஞ்சலை வந்து மூட்டையில் கை வைத்தாள். கனத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "இன்னாடி இது?"

"கெளம்பறன்கா. நாளைக்குள்ள போவலன்னா கொட்டாய வேற ஜோடிக்கிக் குடுத்துடுவன்னுட்டாராம் மேஸ்திரி. எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா வெளியில படுத்துக்கினு இருக்காரு."

"சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"சொன்னா எங்க வுடுவீங்க? எல்லாரும் மூட்டையோட போற அன்னிக்கே போயிட்டா கேக்க ஆளு இருக்காதுன்னு பாத்தன்."

சிரிப்பு நின்றுவிட்டது. காலையிலிருந்து அவ்வளவு அழுதவர்கள் இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ரேவதி மாட்டுக் கயிற்றை அஞ்சலையிடம் நீட்டினாள்.

"ஐப்பசியில கன்னு போடும். மொத ஈத்து, கொஞ்சம் பயப்படும். பக்கத்துலயே இருங்க."

அஞ்சலை வாங்கிக்கொண்டாள். பிசைந்த சோறு அன்னக்கூடையில் மீதி இருந்தது. ஒருத்தி அதில் நாலு கை அள்ளி வாழையிலையில் வைத்து மடிக்கப் போனாள்.

"உப்பு போடலடி அதுல," என்றாள் அஞ்சலை. "சடங்கு சோறு. அத எப்பிடி வழியில துன்னுவா?"

உப்பில்லாமல் பிசைவதுதான் விதி. இதுவரை யாரும் மீறியதில்லை. யாரும் சொல்லாமலே ஒருத்தி கரையோரத்து வீட்டுக்கு ஓடி ஒரு பிடி உப்பு கொண்டுவந்தாள். பிசைந்தார்கள். கட்டினார்கள். சாலைவரை எல்லோருமே கூட நடந்தார்கள். இறக்கிய மூட்டைகளை ஏரிக்கரையில் விட்டுவர மனமில்லாமல் அவற்றையும் தூக்கிக்கொண்டே நடந்தார்கள்.

சின்னசேலம் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சாலையோரம் முப்பத்தோரு மூட்டை, ஆடு, கோழி.

"இன்னாம்மா, ஊரே கெளம்பிட்டீங்களா?" என்றார். "ஏறுங்க ஏறுங்க. லேடீஸுக்கு ஃப்ரீதான்."

"ஒருத்திதான்யா," என்றாள் அஞ்சலை.

ரேவதி ஏறினாள். மூட்டையைக் கண்டக்டர் வாங்கி வைத்தார். சேலத்துக்கு ரயில் இருக்கிறதா என்று அவள் கேட்பதும், இருக்கிறது என்று அவர் சொல்வதும் காதில் விழுந்தன. பஸ் புறப்பட்டது.

மாடும் புறப்பட்டது. பஸ் போன திசையில் அஞ்சலையை இழுத்துக்கொண்டு சாலையில் நடந்தது. இரண்டு பேர் கொம்பைப் பிடித்தார்கள். ஒருத்தி வாலை முறுக்கினாள். நான் பழக்கதோஷத்தில் எதிரே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அது என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"திரும்பும்மா, திரும்பு," என்று அஞ்சலை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "மூணு நாள்ல மழ வந்துடும்."

எல்லோரும் கேட்டுத் திரும்பிய சொல்தான் அது. மாடு காதை ஆட்டிவிட்டு, சின்னசேலத்தைப் பார்த்தே நடந்தது.